ஆப்பிள் வீட்டுக்கு எந்த ரூட்டர்?

2018 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் தன் ஏர்போர்ட் ரூட்டர்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 1999 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில், ஐபுக் மடிக்கணினியோடு சேர்த்து ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய பொருள் அது. ஏறத்தாழ 19 ஆண்டுகள், மேக் வாங்கியவர் ரூட்டரையும் அதே கடையில் வாங்கிக்கொண்டு போனால் போதும் என்ற நிலை இருந்தது. விடைபெறும்போது ஆப்பிள் ஒரு சிறு குறிப்பையும் வெளியிட்டது. வேறு நிறுவனத்து ரூட்டர் வாங்குவோர் அதில் பார்க்க வேண்டியவை என்று அது சொன்னவை நான்கே: 802.11ஏசி தரம், இரண்டு அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் இயங்குவது, டபிள்யூபிஏ2 பாதுகாப்பு, மிமோ எனப்படும் பல ஆன்டெனாத் தொழில்நுட்பம்.

இந்த நான்கும் ஆப்பிளுக்கு மட்டும் உரியவை அல்ல. எந்த நல்ல ரூட்டரிலும் இருப்பவைதான். ஆக, "ஆப்பிளுக்கு ஏற்ற ரூட்டர்" என்று கடையில் யாராவது தனியாக ஒன்றை எடுத்துக் காட்டினால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2019-இல் ஹோம்கிட் ரூட்டர் என்றொரு திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. ஈரோ, லிங்க்சிஸ் போன்ற சில நிறுவனங்களே அதில் சேர்ந்தன. இன்று அதை நம்பி வாங்கும் அளவுக்கு அது வளரவில்லை. ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கென்று சில குணங்கள் உண்டு. அவற்றையும் தன் வீட்டுச் சுவர்களையும் அறிந்தவர் ரூட்டரில் பணத்தை வீணாக்க மாட்டார்.

முதல் வேலை: பட்டியல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் எழுதுங்கள். போன், லேப்டாப் மட்டுமல்ல. வாட்ச், ஹோம்பாட், ஆப்பிள் டிவி, ஸ்மார்ட் பிளக், பிரிண்டர், வாசல் கேமரா எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தத் தலைமுறை வைஃபை என்று குறிக்க வேண்டும்.

ஐபோன் 11 தொடங்கி 14 வரை எல்லாம் வைஃபை 6. ஐபோன் 15-இல் புரோ மாடல்கள் மட்டும் 6இ (வைஃபை 6-உடன் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் சேர்ந்தது), மற்றவை 6. ஐபோன் 16 வரிசையில் வைஃபை 7 வந்துவிட்டது, விலை குறைந்த 16இ தவிர. மேக் பக்கம் பார்த்தால், எம்1 சிப் உள்ளவை வைஃபை 6; எம்3, எம்4 மேக்புக் ஏர்கள் 6இ. ஆப்பிள் டிவி 4கே 2021 மாடலிலிருந்து வைஃபை 6.

பலருக்கும் வியப்பாக இருப்பது பட்டியலின் கடைசிப் பகுதி. ஹோம்பாட் மினியும் இரண்டாம் தலைமுறை ஹோம்பாடும் இன்னும் வைஃபை 4-தான், அதாவது 2009-இல் உறுதியான 802.11என் தரம். ஆப்பிள் வாட்சில் சீரிஸ் 6-க்கு முந்தையவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ஸ்மார்ட் பிளக்குகளும் பெரும்பாலும் அப்படியே. எவ்வளவு விலையுயர்ந்த வைஃபை 7 ரூட்டர் வாங்கி வைத்தாலும் சமையலறை ஹோம்பாடின் வேகம் கூடப்போவதில்லை. அதற்குத் தேவை அறுபடாத சிக்னல் மட்டுமே.

பெட்டியில் உள்ள எண்

ரூட்டர் பெட்டிகளில் ஏஎக்ஸ்1800, ஏஎக்ஸ்3000, ஏஎக்ஸ்5400 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண் என்றால் வேகமான ரூட்டர் என்று விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். இந்த எண் எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அது ரூட்டரின் எல்லா அலைவரிசைகளின் உச்சவேகத்தையும் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்ட தொகை. ஏஎக்ஸ்1800 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 1201. ஏஎக்ஸ்3000-இல் அதே 574-உடன் 2402. ஏஎக்ஸ்5400-இல் 574-உடன் 4804. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும் (வைஃபை 7 மட்டும் இதற்கு விலக்கு). எனவே கூட்டுத்தொகை எந்தக் கருவிக்கும் கிடைப்பதில்லை.

ஐபோனுக்குள் வைஃபைக்கு இருப்பவை இரண்டே இழைகள், அதாவது தகவல் ஒரே நேரத்தில் செல்லும் இரண்டு வழிகள். ஐபோன் 11 முதல் 14 வரையிலான மாடல்கள் 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு இழை, 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் உச்சவேகம் 1201 மெகாபிட். எம்1 மேக்புக் ஏருக்கும் இதே கணக்குத்தான். பாருங்கள், ஏஎக்ஸ்1800 ரூட்டர் தருவதும் சரியாக 1201. அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள ரூட்டரை வைத்தாலும் ஐபோன் 13 காட்டப்போவது அதே எண். மொட்டைமாடித் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குளியலறைக்கு வருவது அரை அங்குலக் குழாய் என்றால், வரும் தண்ணீர் அவ்வளவுதான்.

இதிலும் கையில் கிடைப்பது பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. 1201 என்று இணைப்பு காட்டினால் உண்மையில் 600 முதல் 800 மெகாபிட் வரும், அதுவும் அதே அறையில் நின்றால். வீட்டு இணையத் திட்டமே 100 அல்லது 300 மெகாபிட் என்றால் இந்த வேகமே தாராளம்.

அப்படியானால் பெரிய ரூட்டர்கள் வீணா? இல்லை. நான்கு ஆன்டெனா இழைகள் உள்ள ரூட்டர், தூரத்தில் இருக்கும் போனின் பலவீனமான சிக்னலை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும்போது திணறாது. ஆறு பேர், முப்பது கருவிகள் உள்ள வீட்டுக்கு அது நியாயமான செலவு. மூவர் உள்ள வீட்டுக்கு ஏஎக்ஸ்3000 வகையே போதும்.

6 கிகாஹெர்ட்ஸ், வைஃபை 7

அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸ் இடத்தை உரிமமற்ற பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பாவில் அதில் கீழ்ப்பகுதி மட்டும். இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகளை தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்டது. எந்த நாட்டில் இருந்தாலும் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த மாடலில், இந்த நாட்டில், 6 கிகாஹெர்ட்ஸ் இயங்குமா? ஐபோனும் தான் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்தே அந்த அலைவரிசையைப் பயன்படுத்தும்.

"வைஃபை 7" என்று எழுதியிருந்தாலே 6 கிகாஹெர்ட்ஸ் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2.4, 5 இரண்டு மட்டும் உள்ள வைஃபை 7 ரூட்டர்கள் கடைகளில் நிறைய உண்டு. விளம்பரத்தில் முழங்கும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமும் ஆப்பிள் வீட்டில் பயன்படாது. ஐபோன் 16, 17 இரண்டுமே 160-இல் நின்றுவிடுகின்றன. 6இ-க்கு முந்தைய போன்கள்தான் வீட்டில் அதிகம் என்றால், வைஃபை 6-ஐத் தாண்டிச் செல்ல அவசரப்பட வேண்டாம்.

சுவர்

ரூட்டர் விமர்சனங்கள் பல அமெரிக்க வீடுகளில் சோதித்து எழுதப்படுபவை. அங்கே அறைகளைப் பிரிப்பது பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், அதற்கு மேல் பீரோவும் கண்ணாடியும். "3,000 சதுர அடிக்குப் போதும்" என்ற வாக்குறுதி இங்கே பொருந்தாது.

சென்னையில் வழக்கமாகக் காணும் மூன்று படுக்கையறை ஃபிளாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஃபைபர் கேபிள் வாசல் வழியாக உள்ளே வரும். அதற்குப் பக்கத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலோ டிவி அலமாரிக்குள்ளோ, பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். கடைசிப் படுக்கையறை அங்கிருந்து மூன்று சுவர் தள்ளி. அங்கேதான் மாலையில் பிள்ளைகள் ஐபேடில் வகுப்பு கேட்பதும், இரவில் வெளிநாட்டு உறவுகளோடு ஃபேஸ்டைம் பேசுவதும். இந்த வீட்டின் பிரச்சினை ரூட்டரின் திறன் அல்ல, அது இருக்கும் இடம்.

இதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேல்பட்டையில் உள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் வழக்கமான பட்டியலோடு சில எண்களும் விரியும். அதில் ஆர்எஸ்எஸ்ஐ என்பது சிக்னலின் பலம். எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை. மைனஸ் 70-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். அதே பட்டியலில் டிஎக்ஸ் ரேட் என்ற வரி, அந்த நொடியில் ரூட்டரோடு பேசும் வேகத்தைக் காட்டும்.

மேக் இல்லாதவர்கள் ஐபோனிலேயே அளக்கலாம். ஆப் ஸ்டோரில் ஏர்போர்ட் யுட்டிலிட்டி என்ற ஆப்பிளின் செயலி இன்றும் கிடைக்கிறது. ரூட்டர் போய்விட்டது, செயலி நிற்கிறது. போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் வைஃபை ஸ்கேனரை இயக்கினால், அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகள் எல்லாம் சிக்னல் பலத்தோடும் சேனல் எண்ணோடும் தெரியும். வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கிறுக்கி, ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு நின்று எண்ணைக் குறித்தால் போதும்.

முதலில் இருக்கும் பெட்டியையே அலமாரிக்கு வெளியே எடுத்து, தலை உயரத்தில், வீட்டின் நடுப்பகுதியை நோக்கி நகர்த்தி மீண்டும் அளக்கலாம். சில வீடுகளில் கதை இத்தோடு முடிந்துவிடும். பணமும் மிச்சம்.

ஒன்றா, இரண்டா

கடைசி அறையில் மைனஸ் 70-க்குக் கீழே என்றால் ஒற்றை ரூட்டர் போதாது. பெரிய ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமான இரண்டு வாங்குவது நல்லது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மெஷ் பெட்டிகளாக இருந்தால் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் இயங்கும்.

மெஷ் என்றால் கம்பியே வேண்டாம் என்று விற்கிறார்கள். கம்பியில்லாமலும் இயங்கும், உண்மைதான். ஆனால் இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மெஷ்ஷில், இரண்டாவது பெட்டி போனிடமிருந்து வாங்கிய தகவலை அதே அலைவரிசையில் முதல் பெட்டிக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மாறாக, இரண்டுக்கும் நடுவே ஒரு கேட் 6 கேபிளை இழுத்துவிட்டால் இழப்பு இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்தால் பழைய கேபிள் டிவி ஒயர் போகும் குழாயிலேயே இதையும் சொருகிவிடுவார். ரூட்டருக்காக ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை இந்தக் கேபிளுக்குச் செலவிடுவதைவிடப் பயனுள்ள செலவு இந்தக் கட்டுரையில் வேறில்லை.

இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது என்பதில் ஐபோனின் குணம் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சிக்னல் மைனஸ் 70 வரை இறங்கும்வரை ஐபோன் வேறு பெட்டியைத் தேடாது. தேடும்போதும், தகவல் பரிமாறிக்கொண்டிருந்தால் புதியது குறைந்தது 8 டெசிபெல் கூடுதல் பலத்தோடு இருந்தால்தான் தாவும். சும்மா இருந்தால் 12. மேக் இன்னும் பிடிவாதம்: மைனஸ் 75-இல்தான் தேடத் தொடங்கும். எனவே இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வைத்தால் போன் பழையதையே கட்டிக்கொண்டு நிற்கும். மெஷ் சரியில்லை என்று திட்டுவோர் பலர் வீட்டில் நடப்பது இதுதான். சிக்னல் மைனஸ் 65, 70 என்று இறங்கும் இடத்தில் இரண்டாவது பெட்டியின் எல்லை தொடங்குமாறு வைக்க வேண்டும்.

இடம் மாறாத கருவிகளுக்கு கேபிளே கொடுத்துவிடலாம். மேக் மினிக்கும் ஐமேக்குக்கும் இது எளிது. ஆப்பிள் டிவி 4கே வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2022-இல் வந்த மாடலில் 64 ஜிபியில் ஈதர்நெட் துளை கிடையாது, 128 ஜிபியில் மட்டுமே உண்டு. ஸ்மார்ட் விளக்குகளுக்கான த்ரெட் வசதியும் அந்த 128 ஜிபியில்தான்.

இரண்டு ரூட்டர்களின் சண்டை

ஆப்பிள் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார்: "போனில் ஏர்பிளே பட்டனை அழுத்தினால் டிவி வரவே மாட்டேன் என்கிறது." ஏர்பிளே, பிரிண்டர், ஹோம் செயலி எல்லாம் பான்ஜூர் என்ற முறையில் ஒன்றையொன்று தேடிக்கொள்கின்றன. "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று போன் ஒரு குரல் கொடுக்கும்; அதே நெட்வொர்க்கில் உள்ளவை மட்டும் பதில் சொல்லும். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது.

இணையம் தரும் நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டர். அதன் பின்னால் புதிதாக ஒன்றை மாட்டினால் வீட்டில் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள். டிவி பழைய பெட்டியிலும் போன் புதிய பெட்டியிலும் இருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. தீர்வு இரண்டு. நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு, மாற்றச் சொல்லலாம். அப்போது இணைப்புக்கான பயனர் பெயர், பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது புதிய ரூட்டரைத் தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்ஸஸ் பாயின்ட் முறையில் இயக்கி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடலாம். தொழில்நுட்பம் அறியாதவருக்கு இரண்டாவதே எளிது. ஆகவே வாங்கும் ரூட்டரில் ஆக்ஸஸ் பாயின்ட் முறை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

விருந்தினர் நெட்வொர்க்கிலும் இதே கதை. அதில் இணைந்த போன் வீட்டு ஹோம்பாடைக் காணாது. கருவிகளை ஒன்றையொன்று காணாமல் பிரித்து வைக்கும் "ஏபி ஐசொலேஷன்" என்ற வசதி இயங்கினாலும் அப்படியே. அது அணைந்திருக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியைத் திருப்பி ஈதர்நெட் துளைகளின் வேகத்தைப் படியுங்கள். ஏசி1200 என்று விற்கும் மலிவு ரூட்டர்கள் பலவற்றில் துளைகள் 100 மெகாபிட்தான். 300 மெகாபிட் திட்டம் எடுத்தவருக்கு அங்கேயே மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எல்லாத் துளைகளும் கிகாபிட் ஆக இருக்க வேண்டும்.

அடுத்தது மென்பொருள் புதுப்பிப்பு. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும், எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு தருவோம் என்ற உறுதியும் உள்ள நிறுவனமே நல்லது. ஏர்போர்ட் ரூட்டர்களுக்கே கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது 2019-இல். அவற்றை இன்னும் முதன்மை ரூட்டராக வைத்திருப்போர் மாற்றிவிடுவது நல்லது. டைம் மெஷின் பேக்கப்பை ரூட்டரின் யுஎஸ்பி துளையில் மாட்டிய டிஸ்கில் எடுக்க நினைப்பவர்கள், எஸ்எம்பி முறையில் டைம் மெஷினை ஆதரிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடாப்டரையும் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர் என்றால் சிறிய ரூட்டர் யுபிஎஸ் எளிதில் பொருந்தும்; யுபிஎஸ்ஸின் ஆம்பியர் எண் அடாப்டரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஃபேஸ்டைம் அறுபடக் கூடாது என்றால் ஃபைபர் பெட்டிக்கும் அதே பாதுகாப்பு தேவை.

மாட்டிய பிறகு

ஆப்பிள் தானே பரிந்துரைக்கும் அமைப்புகள் சில உண்டு. எல்லா அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர். 5ஜி, 2.4ஜி என்று பெயரைப் பிரித்து வைப்பது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். ஆப்பிள் கருவிகளுக்கு அது தேவையில்லை. 6 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்தால் ஐபோனே எச்சரிக்கை காட்டும். பெயரை மறைத்து வைக்கவும் வேண்டாம். அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை.

2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், 5-இல் ஆட்டோ. பாதுகாப்பு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையில். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் ஐபோன் 7-க்கு முந்தைய போன்களும் பல ஸ்மார்ட் பிளக்குகளும் வெளியே நின்றுவிடும்.

பிள்ளைகளின் நேரத்தை ரூட்டர் வழியே கட்டுப்படுத்துபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஐபோன், ஐபேட் எல்லாம் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தன் உண்மையான மேக் முகவரியை (மேக் கணினி அல்ல, நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டும். "தம்பியின் ஐபேட்" என்று பழைய முகவரிக்கு வைத்த விதி அதனால் செல்லாமல் போகலாம். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை நிலையானதாக வைக்கலாம், அல்லது ஆப்பிளின் ஸ்கிரீன் டைமையே பயன்படுத்தலாம். இரண்டாவதே மேல், வெளியூர் போனாலும் அது கூடவே வரும்.

கடைசியாகச் சோதனை. மேக்கில் டெர்மினலைத் திறந்து நெட்வொர்க்குவாலிட்டி என்று ஆங்கிலத்தில், இடைவெளியின்றி, குவாலிட்டியின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தட்டினால் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டோடு, நெட்வொர்க் நெருக்கடியில் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் தருகிறது என்ற அளவும் வரும். வீடியோ அழைப்பு திக்காமல் போகுமா என்பதை வெறும் ஸ்பீடு டெஸ்ட்டைவிட அந்த அளவே சரியாகச் சொல்லும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு உள்ள கடையிலேயே வாங்குங்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலை நேரத்தில், கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பழைய எண்களுக்கும் புதிய எண்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால் ரூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் கேபிள் இழுத்துவிடுங்கள்.